மிச்சமான தண்ணீர் யாருக்கு?

2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசினார்கள். மராத்வாடா பகுதியின் லாத்தூர் நகரில் குடிதண்ணீர் வினியோகிக்கும் இடங்களில் கும்பல் சேரக் கூடாது என்று 144 தடை உத்தரவு. அதே நேரத்தில் மும்பையிலும் புனேயிலும் ஐ.பி.எல். ஆட்டங்களுக்காக மைதானப் புல்லுக்குத் தண்ணீர். இது அடுக்குமா என்று வழக்கு வந்தது. ஏப்ரல் 30க்குப் பிறகு வரும் ஆட்டங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போகும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பருவம் முழுவதற்கும் மைதானங்களுக்குத் தேவைப்படும் என்று சொல்லப்பட்ட தண்ணீர் 60 லட்சம் லிட்டர்.

60 லட்சம் என்பது காதுக்குப் பெரிய எண்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் கரும்பைக்கூட வெட்டும் வரை வளர்த்துவிட முடியாது. வாய்க்காலில் திறந்துவிட்டுப் பாய்ச்சும் முறையில் ஒரு ஹெக்டேர் கரும்பு சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீரைக் கேட்கும். 60 லட்சத்தில் முக்கால் ஏக்கர் தேறினால் அதிகம். அந்த ஏப்ரல் 12ஆம் தேதி மிரஜிலிருந்து லாத்தூருக்கு முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. 10 வேகன்களில் 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வேகன்கள் கொண்ட ரயில்கள் 25 லட்சம் லிட்டரைச் சுமந்து வந்தன. பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் படம் வந்த அந்த நீண்ட ரயில்கள் எட்டு சேர்ந்தால்தான் ஒரு ஹெக்டேர் கரும்புக்கு ஆகும். நீதிமன்றம் வரை போன கோபம், ஊரைச் சுற்றி நின்ற கரும்பின் பக்கம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

திரும்பாததற்குக் காரணம் உண்டு. கரும்பு மகாராஷ்டிரத்தில் வெறும் பயிரல்ல. சர்க்கரை ஆலை, கூட்டுறவு வங்கி, கல்லூரி, தேர்தல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு. மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் 4 சதவீதம்கூட இல்லாத கரும்பு, பாசனத் தண்ணீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் குடித்துவிடுகிறது என்று விவசாயச் செலவுகள் மற்றும் விலைகளுக்கான ஆணையம் கணக்குச் சொன்னது. அதற்காகக் கரும்பு போடுகிறவனைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை. துவரைக்கும் சோளத்துக்கும் சந்தைக்குப் போகும் வரை விலை தெரியாது. கரும்புக்கு மத்திய அரசு முன்கூட்டியே விலை அறிவிக்கிறது. ஆலையே வெட்டுக் கூலியாட்களை அனுப்பி எடுத்துக்கொள்கிறது. ஒரு மாதம் மழை ஏமாற்றினாலும், ஆலங்கட்டி மழை அடித்தாலும் கரும்பு மற்ற பயிர்களைப்போல் ஒரேயடியாகப் படுத்துவிடாது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2025ல் எட்டப்பட்டதற்குப் பின்னால் இருப்பதும் கணிசமாகக் கரும்புதான். தண்ணீர் இல்லாத ஊரில் கரும்பு போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நகரத்தில் சொல்கிறவர்கள், அந்த ஊரில் அதைவிடப் பத்திரமான முதலீடு எது என்று சொல்வதில்லை.

இந்த நிலையில் 2017 ஜூலையில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: இனிக் கரும்புக்குச் சொட்டுநீர்ப் பாசனம் கட்டாயம். முதல் கட்டமாகச் சுமார் 3 லட்சம் ஹெக்டேர், இரண்டு ஆண்டுக் கெடு. குழாய் போட விவசாயிக்கு 2 சதவீத வட்டியில் கடன். மீதி வட்டியை அரசும் ஆலையும் பகிர்ந்துகொள்ளும். கரும்பையும் விடவேண்டாம், தண்ணீரும் மிச்சமாகும் என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத முடிவு. கெடு முடிந்து பல ஆண்டுகளாகியும் எல்லாக் கரும்பு வயல்களுக்கும் குழாய் போய்ச் சேரவில்லை என்பது ஒரு விஷயம். போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆகிறது என்பது அதைவிட முக்கியமான விஷயம்.

சொட்டுநீர் ஒரு நல்ல சரக்கு என்பதில் சந்தேகமில்லை. அதன் நவீன வடிவம் இஸ்ரேலில் உருவானது. சிம்கா பிளாஸ் என்ற நீரியல் என்ஜினீயர், கசியும் குழாய் ஒன்றின் அருகே ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைக் கவனித்ததிலிருந்து தொடங்கிய கதை. 1965ல் ஹட்ஸெரிம் என்ற கூட்டுப் பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் பிறந்தது. இந்தியாவில் 1980களின் பிற்பகுதியில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் நகரைச் சேர்ந்த பவர்லால் ஜெயின் இதை வியாபாரமாக்கி, ஜல்காவ் வாழைத் தோட்டங்களில் ஊன்றினார். (மேகாலயத்தின் ஜைந்தியா மலைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மலையோடைத் தண்ணீரை மூங்கில் வழியே இறக்கி, கிளை கிளையாகப் பிரித்து, கடைசியில் வெற்றிலைக் கொடியின் வேரில் நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று விழச் செய்யும் வித்தை அவர்களிடம் 200 ஆண்டுகளாக இருக்கிறது.)

இன்று வயலில் நடப்பது எளிமையானது. கிணற்றிலிருந்து ஏற்றிய தண்ணீரை வடிகட்டி, கறுப்பு பிளாஸ்டிக் குழாய்களில் செலுத்துகிறார்கள். குழாயில் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும் துளையிலிருந்து மணிக்கு 2 லிட்டரோ 4 லிட்டரோ வேரடியில் சொட்டுகிறது. உரத்தையும் கரைத்து அதிலேயே அனுப்பலாம். உப்புத் தண்ணீராக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். இந்தத் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டால் களை குறைகிறது, கூலி குறைகிறது, மகசூல் கூடுகிறது. மடை மாற்ற நள்ளிரவில் எழுந்து போகவேண்டிய அவசியமில்லை. இரவில் மட்டும் மின்சாரம் வரும் ஊர்களில் இது சின்ன சமாதானம் அல்ல.

பருவநிலை மாறிவரும் காலத்தில் இதன் தேவை இன்னும் கூடியிருக்கிறது. 1950க்கும் 2015க்கும் இடையே மத்திய இந்தியாவில் பரவலான மிகக் கனமழை நிகழ்ச்சிகள் மூன்று மடங்காகிவிட்டன என்று ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான புனே விஞ்ஞானிகள் 2017ல் எழுதினார்கள். மழை மொத்தமாகக் கொட்டுகிறது. பிறகு நாள் கணக்கில் முகம் காட்டுவதில்லை. 2023 ஆகஸ்ட், 1901லிருந்து நாடு கண்ட ஆகஸ்டுகளிலேயே மிக வறண்டது. இரண்டே ஆண்டு கழித்து 2025 செப்டம்பரில், ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த அதே லாத்தூர் மாவட்டமும் பக்கத்து பீட், தாராசிவ் மாவட்டங்களும் வெள்ளத்தில் பயிரைப் பறிகொடுத்தன. இரண்டு மழைகளுக்கு நடுவே மூன்று வாரம் வெயில் காய்ந்தால், அந்த மூன்று வாரத்தைத் தாண்ட ஒரு சின்ன ஊற்றும் சொட்டுக் குழாயும் போதும். ஒரு தனி விவசாயியின் கோணத்தில் பார்த்தால் இதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. மத்திய அரசு 2015ல் தொடங்கிய பிரதமர் பாசனத் திட்டத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்குச் செலவில் 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம் மானியம். தமிழ்நாடு தன் பங்கையும் போட்டுச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழுச் செலவையும் மானியமாகவே கொடுத்து வருகிறது.

தகராறு தனி வயலைத் தாண்டும்போதுதான் ஆரம்பமாகிறது. ஒரு சாதாரணக் கணக்கு. ஒரு கிணற்றிலிருந்து நாள்தோறும் 100 குடம் தண்ணீர் எடுக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலில் விட்டு இரண்டு ஏக்கருக்குப் பாய்ச்சுகிறார். அதில் 50 குடம் பயிருக்குப் போகிறது. 10 குடம் வெயிலில் ஆவியாகிறது. மீதி 40 குடம் மண்ணுக்குள் இறங்குகிறது. இந்த 40ஐத்தான் குழாய் விற்பவர் 'வீண்' என்கிறார். உண்மையில் அது வீணாகவில்லை. மெல்ல இறங்கிப் பக்கத்து வயல்காரரின் கிணற்றில் ஊறுகிறது. அல்லது கீழே உள்ள ஓடையில் கசிகிறது. அல்லது இவருடைய கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

இப்போது சொட்டுநீர் போடுகிறார். அதே 100 குடத்தில் 90 குடம் பயிருக்குப் போகிறது. இரண்டு ஏக்கருக்கு 50, 60 குடம் போதும் என்றால் மிச்சம் 40 குடம். அவர் என்ன செய்வார்? மோட்டாரை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாரா? தரிசாகக் கிடந்த இன்னும் ஒன்றரை ஏக்கரில் மாதுளை வைப்பார். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியவர் வேறு எதைச் செய்வார்? கிணற்றிலிருந்து எடுப்பது முன்போலவே 100 குடம். ஆனால் முன்பு மண்ணுக்குத் திரும்பிய 40 குடம் இப்போது திரும்பவில்லை. அவருடைய வயலில் விளைச்சல் ஏறக்குறைய இரு மடங்கு. பக்கத்துக் கிணற்றில் ஊற்று குறைவு. அந்தக் கிணற்றுக்காரர் ஆழத்தில் போர் போடுகிறார். இருவரும் மானியத்தில் குழாய் வாங்கியவர்கள். இருவரும் தண்ணீரைச் சேமித்தவர்கள் என்று அரசுக் கணக்கில் ஏறுகிறார்கள். ஊரின் நிலத்தடி நீர் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்து மேலும் அதிக நிலக்கரியை எரிக்கிறது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865லேயே எழுதினார். தண்ணீருக்கும் இதே விதிதான் என்று குவென்டின் கிராஃப்டனும் சகாக்களும் 2018ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் பாசனத் துறையினரிடையே சர்ச்சையைக் கிளப்பியது. பாசனச் சிக்கனத்துக்காகக் கொடுக்கப்படும் மானியம், எடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பு இல்லாத இடத்தில், மொத்தத் தண்ணீர்ச் செலவைக் குறைப்பதில்லை. பல சமயம் கூட்டிவிடுகிறது என்பது அதன் சாரம்.

எல்லா இடத்துக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடலோரத்தில், அல்லது அடியில் உப்பு நீர் இருக்கும் நிலத்தில், கீழே இறங்கும் தண்ணீர் உண்மையிலேயே வீண்தான். அங்கே சொட்டுநீரின் சேமிப்பு அசல் சேமிப்பு. வெற்று மண்ணிலிருந்து ஆவியாவதும் களைச்செடி குடிப்பதும் எங்கேயும் குறையும். ஆனால் தக்காணத்தின் கரும்பாறைப் பூமியில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு மழைக்கும் பாறை வெடிப்புகளில் சேரும் சிறு இருப்பைத்தான் நூறு கிணறுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒருவர் கிணற்றிலிருந்து எடுப்பது மற்றவர் கிணற்றில் குறையும்.

இதற்கு மேல் ஒரு படி போனது பண்ணைக் குட்டை விவகாரம். மழைநீரை வயலிலேயே தேக்கி, மழை ஏமாற்றும் வாரங்களில் பயன்படுத்தட்டும் என்று மகாராஷ்டிர அரசு 2016ல் பண்ணைக் குட்டைகளுக்கு மானியம் கொடுத்தது. 'கேட்டவருக்குக் குட்டை' என்பது திட்டத்தின் பெயர். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் திராட்சையும் மாதுளையும் விளையும் வட்டாரங்களில் குட்டைகள் வேறு அவதாரம் எடுத்தன. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. கரையைச் சுற்றி வேலி. மழைக்காலம் முடிந்து கிணறுகள் நிரம்பியிருக்கும்போதே, இரவும் பகலும் மோட்டார் ஓட்டி நிலத்தடி நீரை எடுத்துக் குட்டையில் நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். பூமிக்குள் இருக்கும் வரை அது ஊர்த் தண்ணீர். பிளாஸ்டிக் மேல் ஏறியதும் சொந்தத் தண்ணீர். கோடையில் பாதி ஆவியாகப் போனாலும் கவலை இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் எடுக்க முடியாதல்லவா? குட்டையிலிருந்து தோட்டத்துக்குப் போவது சொட்டுநீரில்தான். காகிதத்தில் பார்த்தால் இரண்டு சிக்கனத் திட்டங்களும் ஒரே வயலில் வெற்றி. குட்டை வெட்ட இடமில்லாத இரண்டு ஏக்கர்காரரின் கிணறு பிப்ரவரியிலேயே வற்றிவிடுகிறது.

சட்டம் இதில் யார் பக்கம்? பெரும்பாலும் மோட்டார் வைத்திருப்பவர் பக்கம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரைச் சேகரித்துத் தன் விருப்பப்படி பயன்படுத்த நில உரிமையாளருக்கு உரிமை கொடுத்தது. கவலையும் ஏற்றமும் கட்டி இறைத்த காலத்தில் அது பெரிய ஆபத்தல்ல. இரண்டு காளைகளால் எவ்வளவு இறைக்க முடியும்? இப்போது உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். எடுப்பதில் 100க்கு 87 பங்கு பாசனத்துக்கு. மகாராஷ்டிரம் 2009ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் செய்து, விவசாயக் கிணறு 60 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றது. மராத்வாடாவில் போர் போடும் லாரிகள் அந்த ஆழத்தில் நின்றதாக யாரும் சொல்வதில்லை. பஞ்சாபும் அதே ஆண்டு சட்டம் போட்டது. கொளுத்தும் வெயிலில் முன்கூட்டியே நெல் நடுவதைத் தடுக்கும் அந்தச் சட்டம் ஓரளவு அமலிலும் இருந்தது. ஆனால் மோட்டாருக்கு இலவச மின்சாரம், நெல்லுக்கு உத்தரவாதமான கொள்முதல் என்ற இரண்டையும் அது தொடவில்லை. பூமிக்கு ஆண்டுதோறும் திரும்பக் கிடைத்து, எடுக்கத்தக்கதென்று கணக்கிடப்பட்ட 100 பங்குக்கு 150க்கு மேல் எடுக்கும் மாநிலமாகத்தான் பஞ்சாப் இருக்கிறது.

தண்ணீரை யார் எவ்வளவு எடுக்கலாம் என்று ஊர் கூடித் தீர்மானிப்பது மகாராஷ்டிரத்துக்குப் புதிதும் அல்ல. தூளே, நாசிக் மாவட்டங்களில் பாஞ்ஜரா போன்ற ஆறுகளின் குறுக்கே சின்னச் சின்ன அணைகள் கட்டி, 'ஃபட்' என்ற முறையில் சில நூறு ஆண்டுகளாகப் பாசனம் நடந்தது. ஆயக்கட்டை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பாகத்திலும் ஒரே வகைப் பயிர். எந்த ஆண்டு எந்தப் பாகத்தில் கரும்பு, எதில் தானியம், எது சும்மா கிடக்கும் என்பதை ஊர் முடிவு செய்யும். தண்ணீர் திறந்துவிட 'பாட்கரி' என்று ஒரு ஆள். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தின் நீர்கட்டிக்கு அண்ணன் தம்பி முறை. கரும்பு அங்கேயும் இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போட முடியாது.

கிணறும் மின் மோட்டாரும் வந்தபின் அந்த ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவரப் பார்த்தவர் விலாஸ்ராவ் சாளுங்கே. புனேயில் தொழிற்சாலை நடத்திய என்ஜினீயர். 1972 பஞ்சத்தில் புரந்தர் தாலுகாவில் கல் உடைத்துக்கொண்டிருந்த விவசாயிகளைப் பார்த்தவர், நாய்காவ் கிராமத்தில் கோயில் டிரஸ்டின் 40 ஏக்கர் மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். சரிவில் வரப்பு போட்டு, கீழே கசிவுநீர்க் குட்டையும் கிணறும் வெட்டி, தண்ணீரை மேலே ஏற்றி, தரிசில் தானியம் விளைவித்துக் காட்டினார். என்ஜினீயர்கள் பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். சாளுங்கே நிற்கவில்லை. 'பானி பஞ்சாயத்து' என்ற பெயரில் அவர் வகுத்த விதிகள்தான் விவகாரமானவை. தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவைப் பொறுத்தது அல்ல, தலையைப் பொறுத்தது. ஆளுக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர்; குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். இருபது ஏக்கர் வைத்திருந்தாலும் அவ்வளவுதான். நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு போகாது, குழுவுக்குத் திரும்பிவிடும். நிலமே இல்லாதவருக்கும் பங்கு உண்டு. செலவில் 20 சதவீதத்தைப் பயன்பெறுவோர் கையிலிருந்து போட வேண்டும். கரும்புக்கு இடமில்லை.

இந்த விதிகளில் ஒன்றுகூடக் குழாயைப் பற்றியது அல்ல. சாளுங்கே 2002ல் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த திட்டங்களில் பல, மின் கட்டண பாக்கியிலும் உள் சண்டையிலும் காலப்போக்கில் நின்றுபோயின. தலைக்கு இவ்வளவு என்ற கொள்கையை எந்த அரசாங்கமும் பெரிய அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. நிலம் வைத்திருப்பவரின் ஓட்டும் நிலமில்லாதவரின் ஓட்டும் எண்ணிக்கையில் சமம் என்றாலும், எடையில் சமம் அல்ல.

நிலைத்துநின்ற உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் அகமத்நகர் (2024லிருந்து அகில்யாநகர்) மாவட்டத்தின் ஹிவரே பஜார் இருக்கிறது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்தாலே பெரிது என்ற ஊர். 1972 பஞ்சத்துக்குப் பிறகு ஊரே காலியாகிக்கொண்டிருந்தது, மிச்சமிருந்தவர்களுக்குச் சாராயம். இந்த ஊருக்கு அதிகாரிகளை மாற்றினால் அது தண்டனை மாற்றல் என்று பேச்சு. 1989ல் ஊர் இளைஞர்கள் தங்களில் எம்.காம். படித்தவரான போபட்ராவ் பவாரைச் சர்பஞ்ச் ஆக்கினார்கள். வேலை உறுதித் திட்டப் பணத்தில் குன்றுகளின் சரிவெங்கும் சம உயர வரப்புகள் வெட்டப்பட்டன. தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள் எழுந்தன. இதெல்லாம் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஊர்களில் நடந்திருக்கிறது. பல இடங்களில் கிணற்றில் ஏறிய தண்ணீரை இரண்டே ஆண்டில் கரும்பும் போர்வெல்லும் குடித்து முடித்தன.

ஹிவரே பஜாரில் அப்படி ஆகாததற்குக் காரணம் கிராம சபை போட்ட தடைகள். பாசனத்துக்கு போர்வெல் கூடாது, கிணறு மட்டும்தான். கரும்பும் வாழையும் கூடாது. வெளியாருக்கு நிலம் விற்கக் கூடாது. மரம் வெட்டவும் குன்றில் ஆடுமாடு மேய்க்கவும் கூடாது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் ஊரில் பெய்த மழையை அளந்து, கிணறுகளின் நீர்மட்டத்தைப் பார்த்துத் தண்ணீருக்கு ஒரு பட்ஜெட் போடுகிறார்கள். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க. அடுத்து, மண்ணுக்குள் விட்டுவைக்க வேண்டிய இருப்பு. மீதியில் குளிர்காலத்துக்கு என்ன பயிர், எவ்வளவு என்பது சபையில் முடிவாகிறது. நல்ல மழை என்றால் கோதுமையும் வெங்காயமும். மழை குறைந்தால் கோதுமை கிடையாது; சோளமும் கொண்டைக்கடலையும்தான். சொட்டுநீர்க் குழாய்கள் இங்கேயும் நிறைய உண்டு. ஆனால் குழாய் மிச்சப்படுத்தும் தண்ணீரை என்ன செய்வது என்று முடிவு செய்பவர் வயல்காரர் மட்டும் அல்ல. 1995ல் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த ஊரில், பின்னாளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் மூன்றே மூன்று. பவாருக்கு 2020ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த ஊரைப் பார்க்க மாதந்தோறும் பஸ் பஸ்ஸாக வந்து போகிறார்கள். வந்தவர்கள் வரப்பைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குட்டையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தடைகளைப் படம் எடுக்க முடியாது. ஒரு தலைவரின் செல்வாக்கிலும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சுமார் 1,200 பேர் கொண்ட ஊரிலும் சாத்தியமானது, ஒரு தாலுகாவுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. மேய்ச்சல் தடையால் ஆடு வளர்த்த ஏழைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விகள் இருக்கட்டும். வரம்பு போட முடியாது, போட்டால் விவசாயி ஏற்கமாட்டான் என்று அரசியல்வாதிகள் சொல்லும் சாக்கை மட்டும் இந்த ஊர் செல்லாததாக்கிவிட்டது.

மின்சாரத்தின் பக்கம் பார்த்தால் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. மகாராஷ்டிரம் 2024 ஏப்ரலிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு 7.5 குதிரைத் திறன் வரையுள்ள விவசாய மோட்டார்களுக்கு மின்சாரத்தை இலவசமாக்கிவிட்டது. சூரிய மின்சார மோட்டார்களும் மானியத்தில் பரவுகின்றன. சூரியனுக்குப் பில் கிடையாது. இரவுக் காவலும் வேண்டாம். பகல் முழுவதும் ஓடும். புகையில்லாத இந்த மோட்டார் பருவநிலைக்கு நல்லது. கிணற்றுக்கு நல்லதா என்பது அடுத்த கேள்வி. குஜராத்தில் ஆனந்த் நகருக்குப் பக்கத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016ல் இதற்கு ஒரு கெட்டிக்கார விடை கண்டார்கள். சூரிய மோட்டார் வைத்திருந்த ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக மீதி மின்சாரத்தை மின் வாரிய நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். மோட்டார் ஓடினால் தண்ணீர், ஓடாவிட்டால் காசு. வீணே மோட்டார் ஓட்டுவதற்கு முதன்முறையாக விவசாயிக்கு ஒரு நஷ்டம் தெரிந்தது. தடை போடாமலே தண்ணீரைப் பூமியில் விட்டுவைக்க ஒரு வழி. ஆனால் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, கரும்போ மாதுளையோ கொடுக்கும் வருமானத்தோடு போட்டியிட வேண்டும். இலவச மின்சாரம் பக்கத்துக் கம்பத்திலேயே கிடைக்கும் ஊரில் இந்தச் சங்கத்தில் சேர எவ்வளவு பேர் வருவார்கள் என்பது ஊகிக்கக் கூடியதே.

ஆக, 2017ன் மகாராஷ்டிர முடிவில் விடுபட்டது ஒரே ஒரு வரி: குழாய் மானியம் வாங்கும் ஆலைப் பகுதியில், மிச்சமாகும் தண்ணீரில் எவ்வளவு பங்கு குடிநீருக்கும் கடைமடைக்கும் போகும், எவ்வளவு மண்ணிலேயே விட்டுவைக்கப்படும், கரும்பின் பரப்பு எதைத் தாண்டக் கூடாது. அந்த வரியை எழுதினால் மனத்தாங்கல் வரும். ஆலைக்கு அரைக்கக் கரும்பு குறையும். கூட்டுறவுத் தேர்தலில் ஓட்டு குறையும். எழுதாமல் விட்டால் குழாய் வாங்கியவர்கள் இரண்டு ஏக்கர் கரும்பை மூன்றரை ஏக்கராக்குவார்கள். சொட்டுநீர் போட்ட கரும்பு ஏக்கருக்குக் கூடுதலாகவும் விளையும். ஆலைக்கு அதில் ஆட்சேபம் இருக்க முடியாது.

2025 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மராத்வாடாவின் அணைகளும் கிணறுகளும் நிறைந்தன. கிணறு நிறைந்த ஆண்டில்தான் விவசாயி கரும்புக் கரணையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார். ஒருமுறை நட்டால் மறுதாம்பும் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுக்கு அது அந்த நிலத்தை விட்டுப் போகாது. மழை அதுவரை காத்திருக்கும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. லாத்தூருக்கு ரயில் வந்த 2016லும் வயலில் காய்ந்து நின்றது, அதற்கு முந்தைய நல்ல மழையை நம்பி நட்ட கரும்புதான்.